திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம், அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் எங்களைவிட ஒரு படி கூடுதல் சுகமாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. அப்பாவுக்கு வலது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது. கட்டுப் பிரித்த அன்றே வீடு முழுக்க ஒரு சுற்று வந்து, சமையலறைச் சுவர் இவ்வளவு அழுக்கா இருக்கே, இதுக்குள்ளயா இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினோம் என்று கேட்டார். அடுத்து என் முகத்தைப் பார்த்து, உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது என்றார். கண்ணுக்கு வைத்தியம் பார்த்த கையோடு வாய்க்கும் நாலு தையல் போட்டு அனுப்பியிருக்கலாம் அந்த டாக்டர். மற்றபடி சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்கிறார், நீ கவலைப்படாதே. குளியலறைக் குழாய் ஒழுகுவது நிற்கவில்லை, குழாய்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி இன்றோடு பதினொரு நாள் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு வருகிறேன். ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுக் குடுத்துட்டுப் பேசாம இரேன், இன்னும் ஒரு வருஷந்தானே இருக்கு உனக்கு என்றாய். நான் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். பதில் இல்லாமல் கொடுக்கவில்லை. போனில் சொன்னால் நீ ஒன்று சொல்வாய், நான் ரெண்டு சொல்வேன், கடைசியில் குழந்தை அழுகிறது என்று வைத்துவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டேன், மிச்சத்தை நிதானமாகப் படி. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவள்தானே உங்கம்மா என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார். மூன்று கால் முயலைப் பிடித்தவளுக்குத்தான் அதன் கால் எத்தனை என்று தெரியும்.

நீ பாதியைத்தான் கேட்டிருக்கிறாய், அந்தப் பாதியும் அப்பா வாயால் கேட்டது. அதனால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். நான் வேலை பார்க்கும் காப்பகம் அந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால், அங்கே வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்காக வைத்திருப்பது. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயது வரைக்கும் பதினேழு உருப்படிகள், நான், ஆயா, அவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே பாய்களை அடுக்கி வைக்கும் ஒரு சின்ன அறை இருந்தது. நின்றால் எனக்குத் தலை இடிக்கும், பிள்ளைகளுக்கு இடிக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாய்களை எடுத்து அலமாரி மேல் போட்டுவிட்டு அந்த அறையின் கதவையே கழற்றிவிட்டேன். கழற்றியது உன் அப்பாதான், துருப்பிடித்த மூன்று கீல்களோடு ஒரு விடுமுறை நாள் முழுக்க மல்லுக்கட்டினார். கதவு இருந்த இடத்தில் கறுப்புத் துணியில் ஒரு திரை தைத்துத் தொங்கவிட்டேன். தரையிலிருந்து ஒரு சாண் மேலேதான் நிற்கும், அதனால் உள்ளே எப்போதும் கீழே ஒரு கோடு வெளிச்சம் இருக்கும். யாரும் யாரையும் உள்ளே தள்ளக் கூடாது, போகிற பிள்ளை தானாகப் போக வேண்டும், பயமாக இருந்தால் திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். திரைக்குத் தாழ்ப்பாள் கிடையாது, இதுதான் எங்கள் சட்டம், மூன்று வயதுப் பிள்ளையைக் கேட்டால்கூடச் சொல்லும்.

உள்ளே இருக்கிற சொத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். நாலு டார்ச், ஒரு மாவுச் சல்லடை, பல் போன இரண்டு சீப்பு, கீறல் விழுந்த சி.டி. ஒன்று, சிவப்பும் பச்சையுமாக மிட்டாய்க் காகிதம், தண்ணீர் நிரப்பின ஒரு பாட்டில், தொழிற்சாலையில் வீணாய்ப் போனதென்று ஒதுக்கும் அட்டைப்பெட்டிகள். டார்ச்சின் பொத்தான் சின்ன விரலுக்கு அசையவில்லை என்று அப்பா அதைப் பிரித்து உள்ளே இருந்த சுருளை லேசாக்கிக் கொடுத்தார். இவ்வளவை வைத்துக்கொண்டு அதுகள் என்னவெல்லாம் செய்கின்றன தெரியுமா. சல்லடைக்குப் பின்னால் டார்ச்சைப் பிடித்தால் சுவரெல்லாம் புள்ளி, ஒன்று நட்சத்திரம் என்கிறது, இன்னொன்று இல்ல, சுவருக்கு அம்மை போட்டிருக்கு என்கிறது. சீப்பைப் படுக்க வைத்து வெளிச்சம் அடித்தால் தரையில் வேலி வருகிறது, டார்ச்சைத் தாழ்த்தினால் வேலி வளர்கிறது. பொத்தான் என்று ஒருவன் இருக்கிறான், சட்டைப் பொத்தானை என்றைக்கும் ஒன்று தள்ளித்தான் போடுவான், அதனால் அந்தப் பெயர். அவன் டார்ச்சுக்குக் கிட்டே கையைக் கொண்டு போனால் நிழல்கை ராட்சசக் கையாகிறது என்று கண்டுபிடித்தான். மூன்று நாள் அந்தக் கையால் எங்கள் எல்லாரையும் பிடித்துத் தின்றான், நான்காம் நாள் மெல்லப் பின்னால் நகர்ந்து, கை சின்னதாவதைத் தானே பார்த்துவிட்டு, இப்ப எனக்குப் பசி போயிடுச்சு என்றான். இதை நான் எந்தப் புத்தகத்தைத் திறந்து அவனுக்குச் சொல்லியிருக்க முடியும்.

வெயில் நேரத்தில் முற்றத்தில் வேறு விளையாட்டு. ஒரு பிள்ளை நிற்கும், இன்னொன்று அதன் நிழலைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடும். பால் குடித்துவிட்டு வந்து அதே இடத்தில் காலை வைத்து நின்றால் நிழல் கோட்டைவிட்டு வெளியே போயிருக்கும். முதல் தடவை பெரிய ரகளை, என் நிழலை யாரோ இழுத்துட்டாங்க என்று ஒரே அழுகை, எல்லாரும் சேர்ந்து ஆயாமேல் பழியைப் போட்டார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் தரையைப் பெருக்கியது அவள். எவர்சில்வர் தட்டில் வெயிலை வாங்கிச் சுவரில் ஓடவிடுவார்கள், அந்த வெளிச்சத்துக்குத் துள்ளி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துள்ளியைப் பிடிக்கப் பதினேழும் சுவரில் மோதுகின்றன. சூரியனை நேரே பார்க்கக் கூடாது, யார் முகத்திலும் துள்ளியை ஏற்றக் கூடாது, இது இரண்டுக்கும் நான் கண்டிப்பு.

இப்போது வம்பு எங்கே வந்தது என்று சொல்கிறேன். எங்கள் இடத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பிள்ளை எதைக் கேட்டாலும் நானோ ஆயாவோ பதில் சொல்லமாட்டோம். தெரியலையே, பார்த்துட்டு வந்து சொல்லு, இதுதான் பதில். நிழல் ஏன் நீளுது, தெரியலையே. கண்ணை மூடினா ஏன் சிவப்பாத் தெரியுது, தெரியலையே. பார்த்துவிட்டு வந்து அதுகள் சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டு, அப்படியா, மறுபடியும் அப்படியே வருதான்னு பாரு என்பேன். ஏன் என்ற பெயரிலேயே ஒரு நாலு வயதுப் பெண் இருக்கிறாள், அவள் அம்மா தொழிற்சாலையில் பசைப் பிரிவில் வேலை. இந்த ஏன் ஒருநாள் ஃபிரிட்ஜ் கதவை மூடினா உள்ள லைட் அணையுமா எரியுமா என்று கேட்டாள். நான் வழக்கம்போல, தெரியலையே. அவள் வீட்டுக்குப் போய் அப்பாவின் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு அதை ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். அந்த நேரம் பார்த்து அவருடைய முதலாளி கூப்பிட, மணி எங்கே அடிக்கிறது என்று வீடே தலைகீழாகத் தேடியிருக்கிறது. லைட் அணைகிறது, அதை மட்டும் பதிவு செய்திருந்தாள். மறுநாள் அவள் அம்மா வந்து ஒரு பிடி பிடித்தாள். போனோட போச்சு, இவளே உள்ள போய் உட்கார்ந்திருந்தா என்ன ஆகியிருக்கும் டீச்சர் என்று கேட்டாள். அதில் அவள் பக்கம் நியாயம் இருந்தது. அன்றைக்கே எல்லாப் பிள்ளைகளையும் உட்கார வைத்து இன்னொரு சட்டம் போட்டேன், உள்ளேயிருந்து திறக்க முடியாத எதுக்குள்ளயும் ஆள் போகக் கூடாது. ஆனாலும் அவள் அம்மா ஆற்றாமல் ஒரு புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

புகாரைக் கையில் வைத்துக்கொண்டு பொறுப்பாளரம்மா வந்தார், காப்பகத்துக்கு மேலே அலுவலகத்தில் புதிதாக வந்திருப்பவர். நான் பின்னால் ஒரு பிள்ளையைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் நேரே ஆயாவிடம் போய், இந்த இருட்டு ரூம்ல பிள்ளைங்க என்ன கத்துக்குது என்று கேட்டார். இரண்டு வருஷமாய் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிப் பழகின வாய் அல்லவா, ஆயா யோசிக்காமல், தெரியலையே, நீங்களே உள்ள போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்கிறது. அந்த அம்மா உள்ளே போகவில்லை, திரையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். இரண்டு நாளில் தாள் வந்தது. பணியாளர்களுக்குத் தாங்கள் என்ன கற்பிக்கிறோம் என்பதே தெரியவில்லை என்று மேலே எழுதி, கீழே நான் எழுதிக் கொடுப்பதுபோல் மூன்று வரி அச்சடித்திருந்தார்கள். குழந்தைகளை இருட்டறையில் அடைத்தேன், அது தவறு, அதற்காக மன்னிப்புக் கோருகிறேன், இனிச் செய்யமாட்டேன். அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. கையெழுத்துப் போட்டால் மிச்சமிருக்கும் வருஷத்தை இருந்துவிட்டுப் போகலாம், போடாவிட்டால் மாதக் கடைசியோடு சரி.

நீ அதை ஒரு கையெழுத்துதானே என்கிறாய். அந்த மூன்று வரியில் முதல் வரியைப் பார் தம்பி. இருட்டறை என்றது பரவாயில்லை, இருட்டுத்தான். தவறு என்று அவர்கள் நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். அடைத்தேன் என்பதை எப்படி ஒப்புக்கொள்வேன். கதவையே கழற்றி எறிந்தவளைப் பார்த்து அடைத்தாய் என்றால், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை இல்லையா இது. அதற்குப் பதிலாக அவர் செய்யச் சொல்வது என்ன, நாலு வயதுப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரு தாளில் ஒளி என்று நாற்பது தடவை எழுத வைக்க வேண்டுமாம். எழுதட்டும், எழுத வேண்டிய வயதில் எழுதிவிட்டுப் போகிறார்கள். முதலில் அதைக் கையில் பிடித்து, சுவரில் ஓடவிட்டு, சல்லடையில் சலித்து, டார்ச்சை வாய்க்குள் அடித்துக் கன்னம் சிவப்பதைப் பார்த்துவிட்டு வரட்டும். பார்க்காத ஒன்றின் பெயரை நாற்பது தடவை எழுதினால் விரல்தான் வலிக்கும். மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன், எதுவானாலும் எல்லார் முன்னாலும் பேசிக்கொள்ளலாம், பெற்றோரைக் கூப்பிடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை.

கூட்டம் தொழிற்சாலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. ஷிப்ட் மாறுகிற நேரம், கையில் பசை காயாமலே பாதிப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். தலைமை வகித்தவர் கிடங்கு மேலாளர், நல்ல மனிதர், யாரோடும் பகை வேண்டாம் என்று நினைக்கிறவர். பொறுப்பாளரம்மா அந்த மூன்று வரியைப் படித்தார். படித்து முடிக்கவில்லை, ஏனுடைய அம்மா எழுந்து நின்றுவிட்டாள். இருட்டுல அடைச்சாங்கன்னு நான் எழுதவே இல்லையே, டீச்சருக்கு எதைக் கேட்டாலும் தெரியலைன்னுதானே எழுதினேன், அடைச்சிருந்தா என் பொண்ணு காலைல எனக்கு முன்னாடி செருப்பு மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாளா என்று கேட்டாள். கூடமே சிரித்தது. எனக்கு அன்றைக்குக் கிடைத்த நற்சான்று அதுதான், டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. நானும் எழுந்து அத்தனையும் பேசினேன், திரையைப் பற்றிச் சொன்னேன், சீப்பைக் கொண்டு போயிருந்தேன், ஜன்னல் வெயிலில் பிடித்து வேலியைக் காட்டினேன். பெற்றவர்கள் தலையைத் தலையை ஆட்டினார்கள். பொறுப்பாளரம்மாவின் முகம் இறங்கிவிட்டது. ஜெயித்துவிட்டோம் என்று ஆயா பின்னாலிருந்து என் சேலையை இழுத்தாள்.

மேலாளரும் முடித்துவிடலாம் என்றுதான் பார்த்தார். சரி டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க, இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடலாம், உங்க வாழ்நாள்ல ஒரு பிள்ளையைக்கூட இருட்டுல அடைச்சதில்லைன்னு எல்லார் முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க என்றார். நான் வாயைத் திறந்தேன் தம்பி. இங்க யாரையும் அடைச்சதில்லை என்றேன். பொறுப்பாளரம்மா சட்டென்று பிடித்துக்கொண்டார், இங்கன்னா, வேற எங்க என்று கேட்டார். நான் சீப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலாளர் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார், ஏனுடைய அம்மா சொல்லுங்க டீச்சர், இல்லன்னு சொல்லுங்க என்று கெஞ்சாத குறை. இல்லை என்ற மூன்றெழுத்துப் பொய்யைச் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், சொல்லாததால் அந்தத் தாள் அப்படியே நிற்கிறது. பதினேழு பிள்ளைகளிடம் பார்த்ததைத்தான் சொல்லணும் என்று தினமும் சொல்கிறவள் நான். மடியில் கனம் இருந்திருக்கிறது, அது என்ன என்று உனக்குத் தெரியும்.

தெரியும் அல்லவா. உனக்கு அப்போது ஐந்து வயது. மாடியில் குடியிருந்தோம், கீழே வீட்டுக்காரர். நீ என் கைக்கண்ணாடியை எடுத்து ஜன்னலில் நின்றுகொண்டு வெயிலைக் கீழே விளையாட விட்டிருக்கிறாய். அது முகம் மழித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கண்ணில் பட்டு, கத்தி நழுவி, கன்னத்தில் ஒரு கீறல். கடுகளவுதான், ஆனால் அவர் போட்ட கூச்சலில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்று நான் நடுங்கிவிட்டேன். அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான் என்று நம்பின வயது எனக்கு, அடிக்கக்கூட நேரமில்லை, உன்னைத் தூக்கிச் சாமான் அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். அஞ்சு நிமிஷம் என்றுதான் நினைத்தேன். அவரைச் சமாதானம் பண்ணி, அவர் மனைவியைச் சமாதானம் பண்ணி, மருந்து வாங்கி வந்து கொடுத்து, பேச்சு வளர்ந்து, நான் மேலே ஏறும்போது முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. பொய் சொல்லமாட்டேன், நடுவில் உன்னை மறந்தே போனேன். கதவைத் திறந்தால் நீ அழவில்லை. கதவுக்கு அடியில் ஒரு இடுக்கு இருந்தது, அதன் வழியே நூல் மாதிரி ஒரு வெளிச்சம் தரையில் விழுந்திருந்தது, நீ குப்புறப் படுத்து உன் பத்து விரலையும் அந்தக் கோட்டின்மேல் வைத்திருந்தாய். இனிமே செய்வியா என்று நான் கேட்டேன். செய்யமாட்டேன் என்றாய். அதற்கப்புறம் நீ கண்ணாடியைத் தொடவே இல்லை, அதையும் என் பிள்ளை ஒரு சொல்லில் திருந்திவிட்டான் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். அப்பாவுக்குக்கூட நான் இதை முழுசாகச் சொன்னதில்லை.

மருமகள் போன மாதம் சொன்னாள், கோபித்துக்கொள்ளாதே, அவள் குறையாகச் சொல்லவில்லை, கவலையாகச் சொன்னாள். அவருக்கு இன்னும் நடைவிளக்கு எரிஞ்சாத்தான் தூக்கம் வருது அத்தை என்றாள். பேத்தி மேசைமேல் போர்வையைப் போட்டு அடியில் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தாளாம், பட்டப்பகலில், நீ போர்வையை உருவி எறிந்துவிட்டு வீட்டிலிருக்கிற எல்லா விளக்கையும் போட்டாயாம். குழந்தை பயப்படவில்லை, நீதான் வெளிறிப் போயிருந்தாய் என்றாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், எனக்கு என் முதுகை என் பேத்தி டார்ச் அடித்துக் காட்டிவிட்டாள். கதவை ஏன் கழற்றினேன், திரையை ஏன் ஒரு சாண் தூக்கித் தைத்தேன் என்று அப்பா கேட்டபோதெல்லாம் காற்று வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். காற்றுக்காக இல்லை.

வெள்ளைத் தாள் தீர்ந்துவிட்டது, கையில் இருந்த ஒரே தாளின் பின்பக்கத்தில் மிச்சத்தை எழுதுகிறேன். கூட்டம் முடிந்ததும் என்ன நடந்தது கேள். சனிக்கிழமை காலையில் நான் போகிறேன், திரையைக் காணோம், பாய்களை உள்ளே அடுக்கி, பழைய கதவைத் திரும்ப மாட்டி, புத்தம் புதுத் தாழ்ப்பாள் ஒன்று போட்டிருக்கிறார்கள். அடைத்தேன் என்று என்மேல் எழுதியவர்கள்தான் தாழ்ப்பாள் போட்டார்கள். அந்த நாலு வயது ஏன் ஓடி வந்து, எதுக்கு டீச்சர் தாழ்ப்பாள் என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஆயா, தெரியலையே, மேல ஆபீஸ்ல போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க என்றாள், இந்தத் தடவை நன்றாக யோசித்துத்தான் சொன்னாள். பதினேழும் வரிசையாகப் படியேறிப் பொறுப்பாளரம்மா கதவுக்கு முன்னால் நின்றன. அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பொத்தான் சொன்னான், அவங்களுக்கும் தெரியலையாம். அன்றைக்குப் பகல் முழுக்க முற்றத்தில்தான் இருந்தோம். பெரிய அட்டைப்பெட்டிகளின் அடியை வெட்டியெடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பக்கத்தில் துளை போட்டுக் கொடுத்தேன், வேண்டியவன் நுழைந்தான், வேண்டாதபோது பெட்டியைத் தலையோடு தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தான். மாதக் கடைசி வரைக்கும் எனக்கு ஒன்பது நாள் இருக்கிறது, ஒன்பது நாளும் வெயில் வரும். அதற்கப்புறம் வேலை போனால் போகட்டும், ஏனுடைய அம்மா ஞாயித்துக்கிழமைல பொண்ணை உங்க வீட்டு மாடிக்கு அனுப்பறேன் டீச்சர், ஃபிரிட்ஜை மட்டும் பூட்டி வைங்க என்று சொல்லியிருக்கிறாள். அப்பா இப்போதே மாடிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்கிறார், புதுக் கண் அல்லவா.

இந்தத் தாளைத் திருப்பிப் பார். அந்தப் பக்கம் அச்சடித்த மூன்று வரி இருக்கும், அடியில் கையெழுத்துக் கோடு காலியாக இருக்கும். அது காலியாகவே இருக்கும், நான் செய்யாததற்கு நான் பொறுப்பில்லை. செய்ததை இந்தப் பக்கம் எழுதுகிறேன். உன்னை ஐந்து வயதில் இருட்டில் அடைத்தேன். அது தவறு. அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இதை என்னிடம் யாரும் எழுதித் தரச் சொல்லவில்லை, நீகூடக் கேட்டதில்லை.

மருமகளுக்கு என் அன்பு, நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும். பேத்திக்குத் தனியாக ஒரு பொட்டலம் அனுப்புகிறேன், ஒரு டார்ச், ஒரு சீப்பு, மிட்டாய்க் காகிதம். மிட்டாயைத் தேடாதே, அதை அப்பா தின்றுவிட்டார். டார்ச்சை யார் கண்ணுக்கு நேரேயும் அடிக்கக் கூடாது என்று அவளிடம் மறக்காமல் சொல். மேசைமேல் அந்தப் போர்வையைத் திரும்பப் போட்டுக் கொடு, தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருக்கட்டும். இடமிருந்தால் நீயும் அவளோடு ஒருதடவை உள்ளே போ. உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்காதே, எனக்குத் தெரியலையே, பார்த்துவிட்டு வந்து சொல்.

கையெழுத்தை இந்தப் பக்கம் போடுகிறேன்,
உன் அம்மா